பூட்டும் திறப்பும்

தமிழிலே சிறு பிள்ளையும் அறிந்த சொற்களுள் ஒன்று பூட்டு. கதவில் தொங்குவது பூட்டு. அதைத் தொங்கவிடும் செயலும் பூட்டு. இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணக்கூடும். பத்திரிகைத் தொழிலிலே நெடுங்காலம் தலைப்பு எழுதிக் கைதேய்ந்தவன் என்ற வகையில் எனக்கு அச்சொல்லோடு தனிப்பட்ட நட்புண்டு. மூன்றே எழுத்து. ஒற்றைப் பத்தித் தலைப்பிலும் இடறாமல் அமரும். 'பாடசாலைக்குப் பூட்டு', 'மதுச்சாலைக்குப் பூட்டு', 'ஆலைக்குப் பூட்டு', 'பத்திரிகைக்குப் பூட்டு' என்று இந்த நாட்டின் அரைநூற்றாண்டு வரலாற்றை அந்த ஒரு சொல்லை வைத்தே எழுதிவிடலாம். ஆனால் அச்சொல் பிறந்தது மூடுவதற்காக அன்று. அதன் பழைய பொருள்களைச் சற்றே கிளறிப் பார்த்தால், நமது பொதுவாழ்விலே பூட்டுப் போடுவோருக்கும் பூட்டப்படுவோருக்கும் சொல்ல வேண்டிய ஒரு செய்தி அதற்குள்ளேயே கிடக்கிறது.

முதலில் இலக்கணம். காண் என்பது தன்வினை. பிறரைக் காணச் செய்வது காட்டு. உண் என்பது தன்வினை. பிறரை உண்ணச் செய்வது ஊட்டு. அவ்வாறே பூண் என்பதன் பிறவினைதான் பூட்டு. பூணுதல் என்றால் அணிதல், மேற்கொள்ளுதல். நகை பூண்கிறோம், நோன்பு பூண்கிறோம், உறுதி பூண்கிறோம். அதையே இன்னொருவருக்குச் செய்வித்தால் அது பூட்டுதல். ஆகவே அடிப்படையிலே பூட்டு என்பது தடுப்பதைக் குறிக்கவில்லை. ஒன்றை இன்னொன்றோடு பொருத்துவதையே குறித்தது.

அந்தப் பழைய பொருள் நூல்களில் மட்டுமன்றி நம்மூர் வாய்வழக்கிலும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. உழவன் ஏர் பூட்டுகிறான். எருதின் கழுத்தை நுகத்தோடு பிணைக்கும் கயிறு பூட்டாங்கயிறு. நல்ல நாள் பார்த்து முதன்முதலாக ஏரில் மாடு இணைப்பது ஏர்பூட்டு விழா. வண்டிக்காரன் வண்டி பூட்டுகிறான்; அவன் வண்டியைப் பூட்டினால் பயணம் தொடங்குகிறது என்று பொருள், முடிந்தது என்று பொருளல்ல. மணவறையிலே மாப்பிள்ளை தாலிக்கொடியை மணமகளின் கழுத்தில் அணிவித்து, பிடரிப் பக்கத்தில் அதன் பூட்டைப் பொருத்துகிறார். சங்கிலிக்குப் பூட்டு, அட்டியலுக்குப் பூட்டு, காப்புக்குப் பூட்டு. காப்பு என்ற சொல்லும் இரட்டை வேடதாரிதான். பிள்ளையின் கையில் பூட்டினால் அணி, சந்தேக நபரின் கையில் பூட்டினால் விலங்கு.

நமது சயிக்கிள் கடைகளிலே இன்னொரு வழக்குண்டு: 'கழற்றிப் பூட்டுதல்'. சக்கரம், சங்கிலி, பெடல் எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி, எண்ணெய் விட்டு, மறுபடி பழையபடி இணைத்துத் தருவதற்கு அதுதான் பெயர். வீட்டிலே மின்குமிழ் பூட்டுகிறோம், மின்விசிறி பூட்டுகிறோம். தமிழகத்திலிருந்து வரும் நண்பர்கள் இதைக் கேட்டு வியப்பதுண்டு. 'விசிறியைப் பூட்டி வைத்தால் காற்று எப்படி வரும்?' என்பர். அவர்கள் மாட்டுகிறார்கள், நாங்கள் பூட்டுகிறோம். காற்று என்னவோ இரு நாட்டிலும் ஒன்றாகத்தான் வருகிறது.

உடம்பிலும் பூட்டுண்டு. எலும்போடு எலும்பு பொருந்தும் இடம் பூட்டு. தோட்பூட்டு விலகிவிட்டது என்று பரிகாரியிடம் போவார்கள். அங்கே பூட்டு இல்லாவிட்டால் கை அசையாது. மல்லர்கள் பிடிக்கும் பிடிக்கும் பூட்டென்றே பெயர்; அங்கே பூட்டு விழுந்தால் கை அசையாது. அசைவைத் தருவதும் அசைவைத் தடுப்பதும் ஒரே சொல்லாய் அமைந்த விந்தையை இதனினும் சுருக்கமாகக் காட்ட இயலாது.

இலக்கியம் கற்றோர் பூட்டுவிற் பொருள்கோளை மறந்திருக்க மாட்டார்கள். செய்யுளின் முதலிலே நிற்கும் சொல்லும் ஈற்றிலே நிற்கும் சொல்லும் ஒன்றோடொன்று இணைந்து பொருள் தருவது அது. நன்னூல் வகுத்த எட்டுப் பொருள்கோள்களுள் ஒன்றாகிய இதனைப் பவணந்தியார் விற்பூண் என்று பெயரிட்டார். வில்லின் இரு முனைகளும் தூரத் தூர நிற்பவை; நாண் பூட்டினால்தான் அவை உறவாகின்றன; உறவான பின்னரே வில்லுக்கு வலிமை. ஆறுமுக நாவலர் நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதிய மண்ணிலே இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, கதவில் தொங்குகின்ற பூட்டுக்கு வருவோம். கிராமத்துப் படலைகளுக்கு ஒரு காலத்தில் கொழுக்கி போதுமாயிருந்தது. மாடு நுழையாதிருந்தால் சரி. பெட்டகமும் கடையும் பெருகியபோதுதான் தொங்குபூட்டு வீட்டுப் பொருளாயிற்று. அதற்குத் தமிழிலே ஆமைப்பூட்டு என்றொரு பெயருண்டு. ஓடு போன்ற உடலும் உள்ளிழுத்துக்கொள்ளும் கழுத்துமாக அதன் தோற்றமே பெயராயிற்று. சிங்களத்திலும் தொங்குபூட்டை 'இப்பா' என்பர். இப்பா என்றால் ஆமை. இருமொழியாளரும் ஒரே இரும்புத் துண்டைப் பார்த்து ஒரே உயிரியை நினைத்திருக்கிறார்கள்.

இதை நான் அகராதியில் படித்து அறியவில்லை. அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த ஒரு காலத்தில், நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகமொன்றை மூடுவதற்கு இரு அதிகாரிகள் கட்டளையோடு வந்தார்கள். முத்திரையிட அரக்கு இருந்தது, துணி இருந்தது, ஆணை இருந்தது. கதவில் போடுவதற்குப் பூட்டு மட்டும் கொண்டுவர மறந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் எங்கள் அலுவலகப் பையனைப் பார்த்து, நல்லதாக ஓர் இப்பா இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். பையனுக்கு அரைகுறைச் சிங்களந்தான். 'ஆமை ஒன்றும் இங்கே வளர்ப்பதில்லை ஐயா' என்று மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னான். அந்த நேரத்திலும் எல்லோரும் சிரித்தோம்; அதிகாரிகளும் சிரித்தார்கள். பிறகு தெருமுனை இரும்புக் கடையிலே எங்கள் செலவிலேயே ஒரு பூட்டு வாங்கிக் கொடுத்தோம். பூட்டு எங்களுடையது, அதன் திறப்பு அவர்கள் சட்டைப் பைக்குள் போயிற்று.

திறப்பு என்று எழுதினேன். தமிழகத்து வாசகர்கள் இதனைச் சாவி என்று கொள்க. சாவி போர்த்துக்கேயர் தந்த சொல். 1619 தொடக்கம் 1658 வரை யாழ்ப்பாணத்தை நேரடியாக ஆண்ட அதே போர்த்துக்கேயரிடமிருந்து கதிரை, அலுமாரி, யன்னல், சப்பாத்து என்று எத்தனையோ சொற்களை வாங்கிக்கொண்ட நாம், இந்த ஒன்றை மட்டும் வாங்கவில்லை. திறப்பு என்ற நமது சொல்லையே வைத்துக்கொண்டோம். அது நல்ல சொல். கருவியின் உருவத்தைச் சொல்லாமல் அதன் கடமையைச் சொல்கிறது. சிங்களத்தில் திறப்புக்கு யத்துர என்று பெயர். தட்டச்சுப் பொறிக்கு அவர்கள் வைத்த பெயரிலும் அச்சொல்லே இருக்கிறது. எழுதுகின்ற கருவியில் திறப்பு இருப்பது பொருத்தந்தானே.

நான் தொழிலுக்கு வந்த நாள்களில் தட்டச்சைக் காட்டிலும் ஈய எழுத்துத்தான் எங்கள் உலகம். அச்சுக்கோப்பாளர்கள் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி வரியாக்கி, வரிகளைப் பக்கமாக்கி, அப்பக்கத்தை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, நாற்புறமும் ஆப்பிறுக்கிப் பிணைப்பார்கள். ஓர் ஆப்புத் தளர்ந்தாலும் போதும், அன்றைய நாட்டு நடப்பு முழுவதும் நிலத்தில் கொட்டிப்போகும். எழுத்துகள் பேச வேண்டுமானால் அவை இறுகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். உள்ளே நடந்த அந்தப் பூட்டும், வெளிக்கதவில் வந்து விழுந்த பூட்டும் ஒரே சொல்லால் சொல்லப்படுவதுதான் தமிழ்.

வெளிக்கதவில் விழுந்தவை கொஞ்சமல்ல. 1974 ஏப்ரலில் தவச, சன், தினபதி, சிந்தாமணி ஆகியவற்றை வெளியிட்ட நிறுவனம் அவசரகால விதிகளின்கீழ் மூடப்பட்டது. 1977 வரை அது திறக்கப்படவில்லை. 1983 ஜூலை முதலாந் திகதி, இனக்கலவரம் வெடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், யாழ்ப்பாணத்திலே சுதந்திரனும் சற்றர்டே ரிவியூவும் முத்திரையிடப்பட்டன. 2000 மே மாதத்தில் யாழ்ப்பாணத்து உதயனுக்கும் கொழும்பின் சண்டே லீடருக்கும் அதே கதி நேர்ந்தது. சண்டே லீடர் நீதிமன்றம் சென்றது. தடை செல்லாதென உயர் நீதிமன்றம் அவ்வாண்டிலேயே தீர்ப்பளித்தது. இந்தக் கடைசி நிகழ்வை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பூட்டியவருக்கு மேலே இன்னொருவரிடமும் ஒரு திறப்பு இருந்தது. எனவே அது திறந்தது.

பேச்சைத் தடுப்பதற்கு வாய்ப்பூட்டு என்று தமிழிலே பெயர். 1878இல் பிரித்தானிய இந்திய அரசு நாட்டுமொழிப் பத்திரிகைகளை அடக்கக் கொண்டுவந்த சட்டத்தை வாய்ப்பூட்டுச் சட்டம் என்றே தமிழ் நூல்கள் குறிக்கின்றன. ஆனால் இச்சொல்லுக்கும் வேறொரு பக்கம் உண்டு. நேர்த்திக்கடனாக அடியவர்கள் வாயிலே அணிந்துகொண்டு பேசாநோன்பிருக்கும் கருவிக்கும் வாய்ப்பூட்டு என்றுதான் பெயர். அதை அவர்கள் தாமே விரும்பி அணிகிறார்கள். நேர்த்தி முடிந்ததும் கழற்றுகிறார்கள். ஒன்று பூணப்பட்டது, மற்றது பூட்டப்பட்டது. இலக்கண ஆசிரியர் சொன்ன தன்வினை, பிறவினை வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டியதில்லை.

இந்த வேறுபாட்டை நமது தொழிலிலும் கண்டோம். 1973ஆம் ஆண்டின் பத்திரிகைப் பேரவைச் சட்டம் அரசு பூட்டியது. 2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டபின், 2003இல் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவை அமைத்துக்கொண்டபோது தொழில்சார்ந்தோர் தாமே ஒரு கட்டுப்பாட்டைப் பூண்டனர். பூண்டது பூட்டியதைப்போல் இறுக்கமாக இல்லை என்று குறைகூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு. தவறான செய்தியால் பாதிக்கப்பட்ட ஏழை ஒருவருக்கு ஒரு மூலையில் இரண்டு வரி மறுப்பு வெளியிட்டுவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கும் ஆசிரியபீடங்கள் நம்மிடையே இல்லாமலில்லை. தாமே பூண்ட அணியைத் துலக்கி வைத்துக்கொள்ளாதவனுக்குப் பிறர் வந்து விலங்கு பூட்டுவது எளிது.

எல்லாப் பூட்டும் தீயதென்று நான் வாதிட வரவில்லை. பூட்டில்லாத வீட்டில் நானும் உறங்கமாட்டேன். 2018 மார்ச்சில் திகனையிலும் கண்டிச் சுற்றயலிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வெறுப்புப் பேச்சு எப்படிச் சமூக ஊடகங்களின் வழியே ஊர்விட்டு ஊர் தாவிற்று என்பதை நாடு பார்த்தது. அப்போது அவ்வூடகங்கள் சில நாள்கள் மூடப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும் மூடப்பட்டன. ஆனால் 2022 ஏப்ரலில் அதே பூட்டு, விலையேற்றத்தையும் மின்வெட்டையும் எதிர்த்துத் தெருவுக்கு வந்த மக்களுக்கு எதிராக எடுக்கப்பட்டது. பூட்டு ஒன்றுதான், எடுத்த கையும் நோக்கமும் வேறு. நல்ல நோக்கத்துக்கென்று செய்யப்பட்ட பூட்டு, அலுமாரியில் கிடந்தால், அடுத்தவன் கைக்கும் எட்டும். 2024 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நான் எதிர்த்து எழுதியதும் இதனால்தான். எது பொய் என்று தீர்மானித்து, அதை நீக்கும்படி பணிக்கும் அதிகாரம் ஐவர் அடங்கிய ஓர் ஆணைக்குழுவின் கைக்குப் போகிறது. இன்றைய ஐவர் நல்லவர்களாக இருக்கலாம். சட்டம் எழுதுவோர் நாளைய ஐவரை நினைத்து எழுத வேண்டும்.

திறப்பை மறந்த பூட்டு என்ன செய்யும் என்பதற்கு நமது நாட்டில் உள்ள பெரிய உதாரணம் பயங்கரவாதத் தடைச் சட்டம். 1979இல் அது கொண்டுவரப்பட்டபோது மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்றே சொல்லப்பட்டது. தற்காலிக ஏற்பாடு என்ற சொல் சட்டத்தின் பெயரிலேயே இருந்தது. 1982இல் அந்தக் கால எல்லையை எடுத்துவிட்டார்கள். பெயர் மட்டும் தற்காலிகமாகவே இருக்க, சட்டம் 40 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. எத்தனை இளைஞர்களின் வாலிபம் அதன் உள்ளே கழிந்தது என்பதை அவர்களின் தாய்மார் அறிவர். முதலில் தமிழ் இளைஞர்களைக் குறித்து வந்த சட்டம், பின்னர் தென்னிலங்கைச் சிங்கள இளைஞர்களையும், 2019க்குப் பின் முஸ்லிம் இளைஞர்களையும் உள்ளே அடைத்தது. அடுத்த வீட்டுக்குத்தானே பூட்டு என்று பார்த்திருந்த எல்லோர் வாசலிலும் அது ஒருநாள் தொங்கியது.

வீட்டுப் பூட்டைப் பற்றிச் சொல்லாமல் இப்பத்தியை முடிக்க மனம் வரவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி வெளியைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. ஆட்டையும் மாட்டையும் அவிழ்த்துவிட்டவர்கள்கூட வீட்டைப் பூட்டிவிட்டே புறப்பட்டார்கள். எறிகணைக்கு முன் பூட்டு என்ன செய்யும்? அவர்களுக்கும் தெரியும். பூட்டிவிட்டுப் போகிறவன் திரும்பி வருவேன் என்று சொல்கிறான். அதற்கு மேல் அந்தப் பூட்டுக்கு வேலை இல்லை. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இலேயே வெளியேறியவர்களுக்கு அந்தக் காத்திருப்பு இன்னும் நீண்டது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபோது, 27 ஆண்டுகளாகச் சேலைத் தலைப்பில் முடிந்து காத்த திறப்போடு போனவர்களும் உண்டு. திறப்பு கையில் இருந்தது. கதவு இருந்த இடத்தில் பற்றை இருந்தது.

அதே ஒக்டோபர் 30ஆந் திகதி, ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1990இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வட மாகாணத்தின் ஏனைய முஸ்லிம்களும் அதே மாதத்தில் விரட்டப்பட்டனர். அவர்களின் வீடுகளுக்கும் பூட்டு இருந்தது, திறப்பு இருந்தது. அன்று வடக்கிலே அதைக் கண்டித்து எழுத எந்தப் பத்திரிகைக்கும் வாய் இருக்கவில்லை. அந்த வாய்ப்பூட்டை அரசு போடவில்லை. நமக்கு நேர்ந்ததை ஆண்டுதோறும் எழுதிக்கொண்டு, நம் அயலவருக்கு நேர்ந்ததை ஒரு வரியில் கடந்துபோவோமானால், போட்டவர் போன பின்னரும் அந்தப் பூட்டை நாமே காவல் காக்கிறோம் என்பதே என் துணிபு.

ஆகவே நான் சொல்ல விரும்புவது இவ்வளவே. இந்த நாட்டிலே இனி எந்தச் சட்டத்தை இயற்றினாலும், எந்த நிலத்தைச் சுற்றிக் கம்பி போட்டாலும், எந்த வாயை மூடினாலும், அதன் முகப்பிலேயே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதப்பட வேண்டும். திறப்பு யாரிடம் இருக்கிறது? அவர் திறக்க மறுத்தால் இன்னொரு திறப்பு யாரிடம் இருக்கிறது? எந்தத் திகதியில் இது தானாகத் திறந்துகொள்ளும்? இம்மூன்றுக்கும் விடை இல்லாதது பூட்டன்று, சுவர். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு திறப்பைத் தந்திருக்கிறது. விண்ணப்பம் ஒன்றை எழுதி, உங்கள் பிரதேச செயலகத்தில் இருந்தே தொடங்கலாம். பாவிக்காத திறப்பு துருப்பிடிக்கும்.